காட்டிக்கொடுத்தவளின் குரல்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய ஒரு காலையில், தி.நகர் டப்பிங் தியேட்டர் ஒன்றில் நடந்தது இது. வெளிநாட்டு யுத்தப் படத்துக்குத் தமிழ்க் குரல் தேர்வு. நானும் என் தோழியும் பத்து வருடமாகப் படங்களில் கூட்டக் குரல்களுக்குக் கத்துகிறவர்கள். யுத்தப் படம் என்றால் நல்லவர்கள் பக்கத்து அலறலும் நாங்கள்தான், எதிரிப் பக்கத்து அலறலும் நாங்கள்தான். அன்றைக்குக் கதாநாயகியான நர்ஸுக்கே குரல் கேட்டிருந்தார்கள். அது எனக்கு வேண்டும். அவளுக்குக் கிடைக்கவே கூடாது. அவள் குரலை யாராவது தேன் என்று சொன்னாலே எனக்கு வயிறு எரியும்.

வேளச்சேரியிலிருந்து போன் செய்தாள். "முழங்கால் தண்ணிடீ. அரை மணி லேட்டாகும்னு சார்கிட்ட சொல்லிடு. போன்ல சார்ஜ் இல்ல."

சரி என்றேன். டைரக்டர் இரண்டு தரம் என்னிடம் கேட்டார், அந்தப் பொண்ணு வருதா இல்லையா என்று. "தெரியாது சார்" என்றேன். கூசாமல் வந்தது.

தொப்பலாக நனைந்து வந்து, திட்டு வாங்கிக்கொண்டு, கடைசி ஆளாகப் பேசினாள். நர்ஸ் அவளுக்கே போயிற்று. எனக்குக் கிடைத்தது நர்ஸின் பக்கத்து வீட்டுக்காரி வேஷம். பயத்தில் நர்ஸை எதிரிகளிடம் காட்டிக்கொடுத்துவிட்டு, கடைசியில் அவளைக் காப்பாற்றப் போய்க் குண்டடி பட்டுச் சாகிறவள். நாலே சீன். அன்றைக்கே ரெக்கார்டிங்; பொருமிக்கொண்டேதான் மைக் முன்னால் நின்றேன்.

என்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று ஹெட்போனில் நர்ஸாக என் தோழியின் குரல் கேட்கிறது. நான் சொல்லவேண்டியது ஒரே வார்த்தை: "தெரியாது."

முதல் டேக்கே ஓகே. "எங்கேர்ந்தும்மா புடிச்ச இந்தக் குரலை?" என்று டைரக்டர் கைதட்டினார். எனக்குக் காது சுட்டது.

வெளியே டீக்கடையில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்டீ. லேட்டாகும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு சார் திட்டும்போதே புரிஞ்சுபோச்சு. அதான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு உன் பேரைச் சொன்னேன்."

பழிவாங்கினாயா, நல்லது செய்தாயா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்று என் பிஸ்கட்டில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

அந்த நாலு சீனுக்குப் பிறகுதான் எனக்குத் தனி வேஷங்கள் வர ஆரம்பித்தன. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவள் குரலைக் கேட்டால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அவள் வரத் தாமதமானால், யாரும் கேட்பதற்கு முன்பே, "வந்துகிட்டே இருக்கா சார்" என்று சொல்லிவிடுகிறேன்.