பூசுமருந்தும் புதுப்பிள்ளையும்

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு ஊராரின் முகத்தைவிட அவர்களுடைய படையும் தேமலும்தான் நல்ல பழக்கம். நாள் முழுக்க நின்று கால் வீங்கி, சிரித்துச் சிரித்து வாய் நோகிற கடைக்காரிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

என் பேர் மலர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள இந்தக் கடையில் என் பாதி வயது போய்விட்டது. பழைய மருந்தாளர் ஐயா ஓய்வெடுத்துப் போனதும் முதலாளி தர்சினியைக் கொண்டுவந்தார். மருந்தாளர் படிப்பு முடித்த பிள்ளை. மெல்லிய குரல். எந்த வெக்கையிலும் தலைமயிர் கலையாது. கொஞ்ச நாளில் முதலாளி இன்னொரு கதை சொன்னார். பக்கத்து அறையில் குழந்தைச் சாமான் விற்கப்போகிறாராம்; அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டுமாம். தர்சினியை மாற்ற ஏலாது. மிச்சம் நான்தான். சனம் என்னைத் தேடி வந்தால் மட்டும் முதலாளி என்னை விட்டுவைத்து, வேறு யாரையாவது எடுப்பார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து யார் என்னிடம் வருகிறார்கள், யார் அவளிடம் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்கு வேலையாகிப் போனது.

மருந்திலும் பங்கு

செல்லையா அண்ணை இறக்கக்கண்டியில் கரைவலை இழுக்கிறவர். தொடையிடுக்கில் படை. என்னுடைய பழைய வாடிக்கை. வந்து பூஞ்சணத்தைக் கொல்லுகிற பங்கஸ் கிறீம் ஒரு குழாய் வாங்குவார். மாறாமல் திரும்பி வருவார். இன்னொரு குழாய் வாங்குவார். அன்றைக்கு நான் அலுமாரிக்குக் கை நீட்டமுன் தர்சினி கேட்டுவிட்டாள்: "அண்ணை, இதை நீங்கள் மட்டுமோ பூசுறனீங்கள்?"

"நான் மட்டுமோ? வலைக்கு நிக்கிற எல்லாரும்தான்" என்றார் அவர். மீனைப் பங்கு போடுகிற மாதிரி மருந்தையும் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு போத்தல் மூடியில் பிதுக்கி வைப்பார்களாம். ஆளாளுக்கு விரல் விட்டு எடுத்து, கடல் தண்ணீர் காயாத உடம்பில் பூசி, ஒரே துவாயில் துடைத்துவிட்டு, இடுப்பில் கட்டின அதே ஈரச் சாரத்தோடு வலைக்குப் போவார்களாம்.

தர்சினி கோபிக்கவில்லை. ஆளுக்கு ஒரு குழாய், ஆளுக்கு ஒரு துவாய் என்றாள். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றித் துடைத்த பிறகுதான் பூசவேண்டும். மெல்லிசாகப் பூசினால் போதும். ஆனால் படையின் விளிம்பைத் தாண்டியும் பூசவேண்டும். பூசின கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். யாரும் என் தலையைப் பார்க்கவில்லை. போகிற நேரம் அண்ணை என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்தப் பிள்ளை எந்த நேரம் நிக்கும் எண்டு சொல்லுங்கோ, அந்த நேரம் பாத்து வாறன்."

உடனே மாற்றுகிற கிறீம்

கிண்ணியாவிலிருந்து வருகிற பரீதா உம்மாவுக்குக் கழுத்தில் படர்தாமரை. மகளின் கலியாணம் கிட்ட வந்ததால் அவசரம். பக்கத்து வீட்டில் கொடுத்த கிறீம் ஒன்றைப் பூசியிருக்கிறார். உடனே கடி, சொறிச்சல் எல்லாம் நின்றதாம், சிவப்பும் போனதாம். பூசுவதை விட்டதும் காதுவரைக்கும் ஏறிவிட்டது. அதே கிறீம் இன்னும் வேண்டும் என்று வெறுங்குழாயை நீட்டினார். பார்த்தேன்; பங்கஸ் மருந்தோடு ஸ்டெரொய்ட் கலந்தது. அதை வைத்தியர் எழுதின மருந்துத் துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். "முடிஞ்சுது உம்மா" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரியின் வழக்கமான பதில், சண்டை வராது.

தர்சினி எழும்பி வந்தாள். "இருக்கு உம்மா. ஆனாத் தரமாட்டன். அது சிவப்பையும் கடியையும் அமத்திப்போடும். பங்கஸ் உள்ளுக்குப் பரவும். தோலும் மெலியும். டொக்டரிட்டைக் காட்டி, சரியான மருந்தைப் பூசுங்கோ" என்றாள். என் முகத்தை எங்கே வைப்பது? உம்மா கோபித்துக்கொண்டு வெளியே போவார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடுதான் காத்திருந்தேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடிஞ்சுதெண்டு சொன்னா அடுத்த கடைக்குப் போயிருப்பன் மலர், ஏன் தரமாட்டனெண்டு இந்தப் புள்ள சொல்லுது, அதுதான் இருக்கன்."

என் மனுசனும்

வாடிக்கை போகட்டும். ஒரு நாள் பின்னறையிலிருந்து பால்மாப் பெட்டியோடு வருகிறேன், ஓட்டோ ஓட்டுகிற என் மனுசன் தர்சினியின் முன்னால் குனிந்து குசுகுசுக்கிறார்! என்னைக் கண்டதும் பல்துலக்கி வாங்க வந்த ஆள் மாதிரி ஒன்றை எடுத்துப் பார்த்தார். அவர் போனபிறகு, அவருக்கு உடம்பில் என்ன வருத்தம் என்று அவளைக் கேட்டேன். "அவரிட்டையே கேளுங்கோ அக்கா, நான் சொல்லக்கூடாது" என்றாள். இருபத்தைந்து வருசம் அந்த ஆளுக்குச் சோறு போட்டவள் நான்!

வீட்டில் விடாமல் கேட்டதில் வெளியே வந்தது. நாள் முழுக்க ஓட்டோவின் வெக்கைச் சீற்றில் இருந்து தொடையிடுக்கில் படை. கடி நின்றாலும், மாறின மாதிரித் தெரிந்தாலும், சொன்ன காலம் முடியுமட்டும் பூசச் சொல்லியிருக்கிறாளாம். மாறாவிட்டால் வைத்தியரிடம் போகச் சொன்னாளாம். இறுக்கமான காற்சட்டையும் கூடாதாம். இருபது வருசமாய் இதே மருந்தை விற்கிற பெண்சாதி வீட்டில் இருக்க, அங்கே ஏன் போனீர்கள் என்று கத்தினேன். மனுசன் துவாயை எடுத்துத் தோளில் போட்டார். "உனக்குச் சொன்னா எங்கடை முழு அன்புவழிபுரமும் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடை வாசலிலை வந்து நிக்குமப்பா."

பக்கத்து அறை

முதலாளி என்னைத்தான் மாற்றினார். நாப்பி, பால்போத்தல், கிலுக்கட்டி. தர்சினி இருக்கிற பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். முதல் கிழமையே தம்பலகாமத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். நாப்பி கட்டுகிற இடமெல்லாம் சிவந்து போயிருந்தது. புருசனின் சேற்றுப்புண்ணுக்கு வாங்கின பங்கஸ் கிறீமைத் தடிப்பாகப் பூசி, மேலே நாப்பியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். இன்னொரு குழாய் வேண்டுமாம். அந்தப் பக்கம் கேளுங்கள் என்றேன்.

"நீங்களே தாங்கோ அக்கா. அந்தப் பிள்ளைக்குக் கலியாணமே ஆகேல்லை, குழந்தையின்ரை குண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்றாள்.

எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை! அந்தக் கிறீம் உள்ள அலுமாரி இரண்டு அறைக்கும் நடு வாசலடியில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. முதலாளியும் கேட்டுக்கொண்டு நின்றார். ஆனால் குழந்தை கால் உதறிக் கத்தினபோது பார்த்தேன், தோல் வெடித்து நீர் கசிந்தது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நானே தர்சினியிடம் நடந்தேன். அவள் பார்த்தாள். பெரியவர்களின் மருந்தை வைத்தியரைக் கேளாமல் கைக்குழந்தைக்குப் பூசக்கூடாது, பூசி இறுக்கி மூடினால் தோல் மருந்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கும், இனி ஒன்றும் பூசாமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். நான் புது நாப்பியைத் தளர்த்திக் கட்டிக் கொடுத்து, ஓட்டோவுக்கு என் மனுசனைக் கூப்பிட்டேன். ஏறும்போது அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாயும் மகளும் ஒரே கடையிலை நிக்கிறது எவ்வளவு வசதி, என்ன?"

இப்போது என்னைத் தேடி வருகிற சனத்தை அவளிடம் கூட்டிக்கொண்டு போவதுதான் என் வேலை. பொறாமைப்படுகிறவளுக்கு அதற்கென்றே சம்பளம் கொடுக்கிற கடை திருகோணமலையில் இது ஒன்றுதான் இருக்கும்.