மூன்று ரன்னில் தோற்றதற்குக் கைதட்டியவர்

பிட்ச்காரருக்குப் ‘புழுதி’ என்று பெயர் வந்தது ஒரே சாயங்காலத்தில். அதுவரை தெருவில் அவருக்கு நல்ல மரியாதை. பெரிய மைதானத்தின் நடுவே கிடக்கும் இருபத்திரண்டு கெஜ மண்ணும் அவர் பொறுப்பு. உலகக் கோப்பை ஆட்டம் ஒன்று நம் மைதானத்தில் என்று அறிவிப்பு வந்ததும், பார்க்கிறவர்கள் எல்லாம் வழிமறித்து, “பிட்ச் எப்படிங்க?” என்று கேட்டார்கள். “களிமண் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அவ்வளவுதான் பேச்சு.

அது அரையிறுதி. எதிரணியில் வேகப்பந்து வீச்சாளர்கள் நாலு பேர். நம் அணியில் சுழற்பந்து வீச்சாளர்கள் மூன்று பேர். ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு கிரிக்கெட் சங்கச் செயலாளர் கறுப்புக் கண்ணாடியோடு மைதானத்துக்குள் வந்தார்.

“இனிமே தண்ணி விடாதே. ரோலர் ஏத்தாதே. இருக்கிற புல்லையும் மொட்டை அடிச்சிடு. பந்து முதல் ஓவர்லேயே திரும்பணும்.”

“சார், இதுல நாம ரெண்டாவதா பேட் பண்ணா தொலைஞ்சோம். மேல்மண்ணு பொருக்குப் பொருக்கா எழும்பிடும்.”

“டாஸை கேப்டன் பாத்துப்பார். நீ மண்ணைப் பாரு.”

பக்கத்தில் இரண்டு மைதான ஊழியர்கள் கயிறு சுற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காதிலும் இது விழுந்தது. பிட்ச்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைச் செய்தார்.

டாஸில் தோற்றோம். எதிரணி முதலில் ஆடி இருநூற்று முப்பத்தெட்டு எடுத்தது. நாம் ஒரு விக்கெட்டுக்கு நூற்றுப்பத்து வரை ஒய்யாரமாகப் போனோம். அதன்பிறகு பந்து விழுந்த இடமெல்லாம் புழுதி கிளம்பியது. ஒன்று கணுக்காலுக்கு உருண்டது, அடுத்தது தாடைக்கு ஏறியது. வந்தவர்கள் எல்லாம் வந்த வேகத்தில் திரும்பினார்கள். நூற்று நாற்பத்தொன்றில் மண்ணைக் கவ்வினோம். அதற்கு முன்பே கேலரியிலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. இருபது நிமிடம் ஆட்டம் நின்றது.

அன்று சாயங்காலமே செயலாளர் தொலைக்காட்சியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: “பிட்ச் தயாரிச்சவர்கிட்ட நாங்க எவ்வளவோ சொன்னோம். அவர் கேக்கலை.”

விசாரணை நடந்தது. பிட்ச்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். கயிறு சுற்றிய இருவரையும் கூப்பிட்டார்கள். “ரோலர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை சார்” என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ரோலரே ஓடக் கூடாது என்று உத்தரவு போட்ட நேரத்தில் எங்கிருந்து வந்தது ரோலர் சத்தம் என்று விசாரித்த மூன்று பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பத்தொன்பது வருட வேலை போயிற்று.

தெரு அவரை விடவில்லை. ஜன்னல் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. கதவில் யாரோ சேற்றை அப்பியிருந்தார்கள். பத்து வயது மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்து, “அப்பா, காசு வாங்கிட்டுத்தான் அப்படிப் பண்ணீங்களாமே?” என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பதில் சொல்லாததே தப்பாகிவிட்டது என்று மனைவி பிறகு பலமுறை சொல்லிக் காட்டினாள்.

எல்லாவற்றையும்விட அவரை அறுத்தது மைத்துனன்தான். மனைவியின் தம்பி, இரண்டு தெரு தள்ளி சைக்கிள் கடை வைத்திருந்தான். அந்த ஆட்டத்துக்கு மச்சான் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் போய் உட்கார்ந்து பார்த்தவன். மறுநாள் கடை வாசலில் நின்று, “அந்த ஆளுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. எங்கக்காவைக் கட்டிக் குடுத்த பாவத்துக்கு என் கடையில கல்லெறியாதீங்க” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

அதன்பிறகு ஏழு வருடம் பிட்ச்காரர் ஒரு மருந்துக் கம்பெனியின் வாசலில் புல் வெட்டினார். கிரிக்கெட் என்ற வார்த்தை வீட்டில் எழக் கூடாது. கம்பெனிக் காவலாளி ரேடியோவில் ஸ்கோர் கேட்டால், நம் அணி ஜெயிக்கிறதென்றால் தூரமாய்ப் போய்விடுவார். தோற்கிறதென்றால் பக்கத்தில் நின்று புல் வெட்டுவார். வெட்டிய இடத்தையே திரும்ப வெட்டுவார்.

ஏழாவது வருடம் இன்னொரு பெரிய போட்டி வந்தது. புதிதாக வந்த ஆள் போட்ட பிட்ச்சைப் பார்த்த வெளிநாட்டு அதிகாரிகள், இப்படியே இருந்தால் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். செயலாளர் கார் அனுப்பினார்.

“பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதேய்யா.”

“வச்சிருக்கேன் சார். பிட்ச் விஷயத்துல யாரும் தலையிட மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வேலையை ஆரம்பிக்கிறேன்.”

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

“துளியும் இல்லை.”

செயலாளரின் முகம் கடுகடுத்தது. ஆனாலும் ஆட்டம் கைவிட்டுப் போகிற நிலை. எழுதிக் கொடுத்தார்.

பிட்ச்காரர் ஏழு வாரம் அந்த மண்ணிலேயே கிடந்தார். பழைய மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தார். புதுக் களிமண்ணைச் சலித்துப் போட்டு, நனைத்து, காய விட்டு, உருட்டி, மறுபடி நனைத்தார். கயிறு சுற்றிய இருவரும் வணக்கம் சொன்னார்கள். “ரோலர் சத்தம் இல்லையே, இப்ப காது கேக்குதா?” என்றார். அதோடு அவர்களிடம் பேசவில்லை.

ஆட்டத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. எதிரணி முந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்தது. நாமும் சளைக்காமல் துரத்தினோம். பந்து சீராக எழும்பியது. அடித்த அடி போய்ச் சேர்ந்தது. வீசத் தெரிந்தவனுக்கு விக்கெட்டும் கிடைத்தது. கடைசிப் பந்தில் நாலு ரன் வேண்டும். நம் ஆள் தூக்கி அடித்தான். எல்லைக்கோட்டில் ஒருவன் பின்னாலேயே ஓடி, விழுந்தபடி பிடித்தான். மூன்று ரன்னில் தோற்றோம்.

முப்பதாயிரம் பேரும் வாயடைத்துப் போனார்கள். சாமான் கொட்டகை வாசலில் நின்ற பிட்ச்காரர் கைதட்டினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பி முறைத்தார். அவர் நிறுத்தவில்லை. பிட்ச் நன்றாக இருந்ததற்காகத் தட்டினார் என்று பின்னாளில் சிலர் பூசி மெழுகினார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. நம் அணி தோற்றதற்காகத்தான் தட்டினார். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினார்.

ஆட்டத்தைப் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. இந்த மாதிரி ஆட்டம் இனி எப்போது பார்ப்போம் என்றார்கள். “எங்கள் சங்கத்தின் உழைப்பு” என்றார் செயலாளர், அதே தொலைக்காட்சியில். பிட்ச்காரர் சாவிக்கொத்தை அவர் மேசையில் போட்டுவிட்டு, மருந்துக் கம்பெனிக்கே திரும்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். ஏழு வருடத்தில் முதல் தடவை. அக்கா நாற்காலி போட்டாள்.

“மச்சான், பிட்ச் பிரமாதம். கடையில எல்லாரும் சொன்னாங்க. எங்க மச்சான் போட்டதுதான்னு சொன்னேன்.”

“அன்னைக்கு உறவு இல்லைன்னியே?”

“அது ஏதோ ஆத்திரத்துல...”

“எனக்கும் ஆத்திரம்தான். இன்னும் தீரலை. எந்திரி.”

“ஏங்க, என் தம்பிங்க” என்று மனைவி குறுக்கே வந்தாள்.

“உன் தம்பிதான். நீ போய் அவன் வீட்டுல பார்த்துட்டு வா. நான் தடுக்கலை.”

மைத்துனன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பதினேழு வயது மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். மனைவி அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை.