பாலகாட் ஏற்றத்தில் ரத்தினம்மாவின் ஜீப்

ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் ரத்தினம்மா என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஜீப் ரத்தினம்மா என்றால் ஒருத்திதான். குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த சின்னப்பையனின் பேத்தி, மரக்கிடங்கில் இருந்த கோவிந்தனின் மூத்த மகள், பாதாளத்தில் காற்றுக் குழாய் பிட்டராக இருந்த முனுசாமியின் சம்சாரம்.

சுரங்கத்தை மூடியபோது கைக்கு வந்த செட்டில்மெண்டில் முனுசாமி ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போதே கொழுந்தன் நாகேஷ் வந்து நின்றான்.

"அண்ணி, சாவியக் குடுத்துடுங்க. பொம்பள கையில ஜீப் இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னு ஓட்டிக் காட்டறேன் இரு" என்றாள். நாற்பத்தொன்பதாவது வயதில் லைசென்ஸ் வாங்கினாள். அன்றிலிருந்து பதினொரு பெண்களைத் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டு, பக்கத்திலுள்ள பாலகாட் தாண்டி மண் ஏற்றம் ஏறி, மேட்டிலிருக்கும் நாற்றுப் பண்ணையில் விடுவாள். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவாள். அந்த ஏற்றத்தில் மழைநாளில் வேன் ஏறாது, ஆட்டோ ஏறாது. ஜீப் ஏறும்.

இந்த வருஷம் மாசி பிறந்து காற்று ஆரம்பித்ததும் ஜீப் படுக்க ஆரம்பித்தது. நன்றாக ஓடும். ஏற்றத்தின் நடுவே மூச்சு வாங்கி, திக்கி, அணைந்துவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பெண்கள் இறங்கி நடப்பார்கள்.

மெக்கானிக் டென்னிஸ் பார்க்காத இடமில்லை. டீசல் பில்டரை மாற்றினான். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி, நுரை அடங்கும் வரை கைப்பம்ப் அடித்தான். டியூப்களை மாற்றினான். கடைசியில் டீசல் பம்பையே கழற்றி வேறு போட்டான். அவன் ஷெட்டில் வண்டி அணையாமல், கோயில் யானை மாதிரி சாதுவாக இருக்கும். ஏற்றத்துக்குப் போனால் மறுபடி அதே கதை.

"அக்கா, வண்டிக்கு வயசாயிடுச்சு" என்றான்.

"எனக்கும்தான் ஆச்சு. நான் நடுரோட்டுல படுத்தேனா?"

நாகேஷ் இப்போது ஒரு வேன் வாங்கியிருந்தான். ஜீப் நின்றது என்று தெரிந்தால் பல்லெல்லாம் தெரிய வந்துவிடுவான். "அண்ணி, இரும்புக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கே குடுத்துடுங்க. அண்ணன் பேருக்காக எடுத்துக்கறேன்."

சனிக்கிழமை பண்ணை மேனேஜர் பிரதாப் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நோடி, இங்க பாருங்க ரத்தினம்மா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. திங்கட்கிழமை ஜீப் நின்னுச்சுன்னா, செவ்வாய்க்கிழமையிலிருந்து நாகேஷ் வேன். மழை வந்தா அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த ஓட்டம் போனால் ஜீப்பை வீட்டில் நிறுத்தி வைக்க முடியாது. விற்கத்தான் வேண்டும். அதுவும் யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி, ஜீப் நின்ற நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்று தட்டியது. டீசல் கொஞ்சமாக இருந்த நாட்களில் வண்டி எப்படியோ மேலே போயிருக்கிறது. டேங்க் நிறைய ஊற்றிய நாட்களில் ஏற்றத்தின் அடியிலேயே படுத்திருக்கிறது.

ஞாயிறு காலையில் டென்னிஸிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "வயிறு ரொம்பினா தூங்குதா? எங்கயாச்சும் கேட்டிருக்கியாக்கா?"

"சிரிக்காத. ஏறு வண்டில."

டேங்க் நிறைய ஊற்றினாள். ஏற்றத்தின் அடியில் ஜீப் திக்கியது, அணைந்தது. பின்னாலேயே வேனில் வந்த நாகேஷ் கயிற்றோடு இறங்கினான்.

"கட்டட்டுமா அண்ணி?"

"கயித்த உன் வண்டிலயே வை. நிக்கணும்னுதான் கொண்டாந்தேன். டென்னிஸு, பானட்டுல கை வைக்காத!"

முனுசாமி ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சுரங்கத்தைப் பற்றித்தான் பேசுவார். கீழே ஆள் 'காற்று வரலை' என்று கத்தினால், கத்துகிற இடத்துக்கு அவர் போக மாட்டாராம். காற்று கிளம்புகிற இடத்திலிருந்து குழாயோடு நடந்து வருவாராம். டென்னிஸ் இத்தனை நாளும் கத்துகிற இடத்தையே பிரித்துக்கொண்டிருந்தான். டீசல் கிளம்புகிற இடம் டேங்க்.

இருக்கைக்குக் கீழே டேங்க், வெளிப்பக்கம் மூடி. மூடியின் மேல் துணி வைத்து, சைக்கிள் டியூப்பால் நாலு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. அவள்தான் கட்டியது; போன வருஷம் வரை வெறும் துணிதான், டியூப் இந்த வருஷம்தான். மாசிக் காற்றில் சைனைடு மேட்டு மண் பறக்கும். பொன்னை எடுத்துவிட்டுக் கொட்டிய மண், மாவு மாதிரி, சோற்றில் விழும், கண்ணில் விழும். அந்த மாதங்களில் ஊரிகத்தில் தண்ணீர்க் குடம் முதல் ஜன்னல் சந்து வரை எல்லாவற்றையும் துணியால் அடைப்பார்கள். டென்னிஸும் இந்த ஊர்க்காரன்தான். ஒவ்வொரு முறையும் அதை அவிழ்த்து, குச்சி விட்டு டீசலைப் பார்த்துவிட்டு, முன்னைவிட இறுக்கமாகக் கட்டி அனுப்பியிருக்கிறான்.

ரத்தினம்மா டியூப்பை அவிழ்த்தாள். மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. ஒட்டிப்போயிருந்த தகரம் டொப்பென்று பழைய இடத்துக்கு வந்தது. சாவியைத் திருப்பினாள். இரண்டு தரம் முனகிவிட்டு ஜீப் உறுமியது.

டென்னிஸ் தலையில் அடித்துக்கொண்டான். மூடியில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. டீசல் போகப் போக அந்த வழியாகத்தான் காற்று உள்ளே வரவேண்டும். அதை அடைத்தால், உள்ளே வெறும் இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் பம்பால் இழுக்க முடியாமல் போகும். கால் மணி நேரம் நின்றால் துணியின் இடுக்கில் கொஞ்சம் காற்று கசிந்து மறுபடி கிளம்பும்.

நாகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீங்களே மூக்க அடைச்சிட்டு வண்டிக்கு மூச்சு வரலன்னீங்களா அண்ணி? ஊரே சிரிக்கும்!"

"ஆமா, நான்தான் அடைச்சேன். போய் மார்க்கெட்ல நின்னு சொல்லு. கண்டுபிடிச்சதும் நான்தான், அதையும் சேத்துச் சொல்லு."

"இனிமே தொறந்தே விட்டுடுக்கா" என்றான் டென்னிஸ்.

"தொறந்து விட்டா அந்த மண்ணு உள்ள போயி உன் புது பம்ப தின்னும். மண்ணுக்கும் குடுக்க மாட்டேன், இவனுக்கும் குடுக்க மாட்டேன்."

அவள் நின்று சொல்லச் சொல்ல, டென்னிஸ் மூடியை ஷெட்டுக்குக் கொண்டுபோய் அந்த ஓட்டையில் சின்னப் பித்தளைக் குழாயைப் பற்றவைத்தான். அதில் மெல்லிய டியூப் மாட்டி, இருக்கைக்குப் பின்னால் உயரே கொண்டுபோய், வாய் கீழே பார்க்க வளைத்து, முனையில் சல்லடைத் துணி கட்டினான். ஊதிப் பார்த்தாள். காற்று போயிற்று.

திங்கட்கிழமை டேங்க் நிறைய டீசல், பதினொரு பெண்கள். பெண்களில் பாதிப் பேர் நடக்கத் தயாராகச் செருப்பை மாட்டியபடியே உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் வழியில் நிற்கும், பெண்களை அள்ளிக்கொண்டு போகலாம் என்று நாகேஷ் காலி வேனோடு பின்னால் வந்தான். ஏற்றத்தின் அடி தாண்டியது. நடு ஏற்றம் வந்தது. ஜீப் திக்கவில்லை.

அங்கே ரத்தினம்மா பிரேக்கை மிதித்து, இன்ஜினை அணைத்தாள்.

"ஐயோ, போச்சா?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஷில்பா கத்தினாள்.

"ஒண்ணும் போவல. உக்காரு."

குறுகலான பாதை. பின்னால் வேனும் நின்றது. நாகேஷ் ஆசையாகத் தலையை வெளியே நீட்டினான். ரத்தினம்மா கண்ணாடியில் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். முந்தானையால் ஸ்டியரிங்கைத் துடைத்தாள். பிறகு சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் கிளம்பிய ஜீப் மேட்டை நோக்கிப் போனது. வேனுக்கு அந்த ஏற்றத்தின் நடுவே நின்ற இடத்திலிருந்து கிளம்ப வரவில்லை. சக்கரம் மண்ணை வாரி இறைத்தது.

ரத்தினம்மா தலையை வெளியே விட்டுக் கத்தினாள்: "நாகேஷு, அந்தக் கயிறு இருக்கில்ல? எடுத்து வை. பொம்பளைங்கள எறக்கிட்டு வந்து இழுக்கறேன்!"