அறுபதில் தப்புக் காட்டும் தராசு

ஐந்து கிலோ எடைக்கற்கள் நான்கையும் அண்ணி ஒவ்வொன்றாக ஏற்ற, அவர் கணவரான எதிர் வீட்டுத் தராசுக்காரர் குனிந்து எண்ணைப் பார்க்கிறார். சரியாக இருபது. கற்களை இறக்கியதும் கைக்கடிகாரம், பனியன், இடுப்புச் சாவிக்கொத்து எல்லாம் மேசைக்குப் போகின்றன. பிறகுதான் அவர் ஏறி நிற்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எண் தெரியாது என்பதால் அதற்கு மட்டும் முப்பது கிராம் கழித்துக்கொள்வார். “மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை கூடுமா அண்ணே?” என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். “கூடாது தம்பி. ஆனா மிஷின் ஆடும்” என்றார், சிரிக்காமல்.

முப்பத்தைந்து வருடமாகத் தராசு பழுதுபார்க்கிறவர். தபால்காரர்கூட அவர் பெயரை மறந்து ‘தராசுக்காரர் வீடு’ என்றுதான் கேட்டு வருவார். கடையில் கட்டிக் கொடுத்த அரைக் கிலோ பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்குவார். அவ்வளவுதான், கடைக்காரர் அவசரமாகத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார். ஆனால் மனுஷன் மேல் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வராது. “நானூத்தி எழுபதுதான் இருக்கு. பாவம், மிஷினுக்கு வயசாயிடுச்சு. சாயங்காலம் கொடுத்து அனுப்புங்க, பாத்துடலாம்” என்பார். கடைக்காரரும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று தலையாட்டுவார். எதிர் வீட்டுக்காரனான எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதே குணத்துக்காக ஒருநாள் அவர்மேல் கோபமும் வந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கிடங்கில் வேலையாக இருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார்: “நெஞ்சு வலிச்சாத்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. அடி வாங்கின இதயம், சோர்ந்துபோனா உடம்புல தண்ணி தேங்கும். தினம் எடை பாருங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினாலும், கால் வீங்கினாலும், படுத்தா மூச்சு முட்டினாலும் அப்பவே வந்துடுங்க.” நம்மவர் காதில் கிலோ மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கே பின்னறைப் பட்டறையிலிருந்து ஒரு தராசு கூடத்துக்கு வந்துவிட்டது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அறுபத்தொன்று நானூறு. செவ்வாய், அறுபத்திரண்டு முந்நூறு. வியாழக்கிழமை காலை அறுபத்து மூன்று எண்ணூறு. அண்ணி கூப்பிட்ட குரலில் நான் ஓடிப்போனபோது, தராசைக் கவிழ்த்துப் போட்டுத் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் புழுக்கத்தில் காலில் சாக்ஸ்.

“இருபதுல... சரியா காட்டும் தம்பி. அறுபதுல... தப்புக் காட்டும். உள்ள எடைய உணர்ற... செல்லு போயிடுச்சு.” இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

“மூணு நாளா நாற்காலியில உக்காந்துதான் தூங்குறாரு” என்றார் அண்ணி. “கேட்டா அங்கதான் காத்து வருதாம்.”

“நெஞ்சு வலிக்குதா அண்ணே?”

“துளி வலி... இல்ல.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றவன் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணிக்கு அப்பாடா என்று இல்லை. “உள்ள இருபது கிலோ கல்லு மூணு இருக்கு, எடுத்துட்டு வாங்க” என்றார் என்னிடம். தராசை அண்ணியே நிமிர்த்தி வைத்தார். மூன்று நடையில் மூன்று கல்லையும் கொண்டுவந்து ஏற்றியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றேன். எதிரே உட்கார்ந்த இடத்தில் அவருக்கும் அதே மாதிரி இரைத்தது. அவர் தூக்கியது ஒரு திருப்புளி. இப்போதும் மிஷின் மேல்தான் பழியா என்று எனக்குக் கோபம் வந்தது.

எண் அறுபதில் வந்து நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசுக்காரர் கல்லை இறக்கச் சொல்லி, ஏற்றச் சொல்லி, இன்னொரு தடவை பார்த்தார். அறுபது.

அண்ணி மண்டியிட்டு அவர் சாக்ஸை இறக்கினார். கணுக்காலுக்கு மேலே வீங்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. “மிஷின் நல்லாத்தாங்க இருக்கு” என்றார்.

தராசுக்காரர் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். வேறு எதன் மேலும் பழி போட இடமில்லாத முகம். “வண்டிய எடு தம்பி” என்றார்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு மூன்று கிலோ தண்ணீரை வெளியேற்றினார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் நுரையீரல் முழுக்க நிரம்பியிருக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். மாத்திரை கூடியது, உப்பு குறைந்தது. வார்டுத் தராசு முந்நூறு கிராம் கூடக் காட்டுகிறது என்று நம்மவர் புகார் சொன்ன அன்றுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது காலையில் எடை பார்த்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் அண்ணியின் மடியில் நீட்டிவிடுகிறார். அண்ணி கட்டைவிரலால் அழுத்தி, ஐந்து எண்ணி, விரலை எடுக்கிறார்.

“ஒண்ணும் இல்லைங்க. எந்திரிங்க.”

அவர் எழுந்திருப்பதில்லை. வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, “இந்தக் கால இன்னொரு தடவை பாத்துடும்மா” என்று இன்னும் கொஞ்சம் நீட்டுகிறார்.