மேவிஸ் மறுத்த தனி வகுப்பு

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். மேவிஸ் இறந்துவிட்டார், மாரடைப்பாம். வெள்ளிக்கிழமைதான் என் பக்கத்தில் நின்று, "பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு உன் ஆட்கள் வருவார்களா, மாட்டார்களா?" என்று கேட்டவர். கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அங்கே நிற்கவும் முடியவில்லை, உள்ளே திரும்பவும் மனம் வரவில்லை.

இலங்கையின் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பின் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து சேர்ந்த நம்மில் பலர் அவர் வீட்டில் கோப்பி குடித்திருக்கிறோம். டெனிஷ்காரரை மணந்து இங்கே வந்த அமெரிக்கக் கறுப்புப் பெண் என்பதும் தெரியும். சிறுமியாக இருந்தபோது, வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகப் போன கறுப்புப் பிள்ளைகளில் அவரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. பெருமையாக அவர் அதைச் சொன்னதே இல்லை. "துப்பினவர்களை மறந்துவிட்டேன். என் பக்கத்தில் யாரும் உட்காராத நாற்காலியைத்தான் மறக்க முடியவில்லை" என்பார்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கட்டடத்தில் தனி வகுப்பு வைத்தபோது, நாம் அதிபருக்கு வடை சுட்டுக் கொண்டுபோய் நன்றி சொன்னோம். மேவிஸ் கொதித்துப்போனார். "மொழி பழகத் தனி வகுப்பு, சரி. விளையாடும் நேரமும் ஏன் தனி?" என் மகளுக்கு இன்றுவரை ஒரு டெனிஷ் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது.

போன மாதம் என் வீட்டில் மேவிஸோடு எல்லோரும் கூடினோம். நம்மில் மூத்தவரான இராசண்ணை சொன்னார்: "வந்த இடத்திலை வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்கக் கூடாது. எங்கட பிள்ளையள் ஒண்டா இருக்கிறது நல்லதுதானே."

நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மேவிஸ் அமைதியாகக் கேட்டார்: "உங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்தா படித்தார்கள்?"

அதையும் மொழிபெயர்த்தேன். யாரோ தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போனார். கடைசியில் நானே சொன்னேன்: "சாதியைச் சொல்லி என்ர அப்பாவை வாங்கிலை இருக்க விடேல்லை. நிலத்திலை இருந்துதான் படிச்சவர். படிப்பிச்ச வாத்தியாரும் தமிழர்தான்."

"அந்தப் பழங்கதையை இஞ்சை ஏன் கிளறுறாய்?" என்றார் இராசண்ணை.

என்ன சொன்னார் என்று மேவிஸ் கேட்க, சொன்னேன். "பழங்கதை என்றால் இவர் ஏன் உன் முகத்தைப் பார்க்கவில்லை?" என்றார். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அறையில் எல்லோருக்கும் விளங்கியது.

வியாழக்கிழமை கூட்டம். அடுத்த வருடமும் தனி வகுப்புத் தொடரப் பெற்றோருக்குச் சம்மதமா என்று அதிபர் கேட்பார். பக்கத்தில் மேவிஸ் இருப்பார் என்றுதான் துணிந்திருந்தேன். இப்போது இரவில் தூக்கமில்லை, பகலில் வேலை ஓடவில்லை. இப்படிப் பாதியில் விட்டுப் போனதற்கு அவர்மேல் கோபமாகவும் இருக்கிறது.

அவருடைய துணிவு எனக்கு வராது. அவருடைய பொறுமையின்மை மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன். என் அப்பாவுக்காகப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்க அன்று ஒருவரும் இருக்கவில்லை. என் டெனிஷ் அரைகுறைதான். சம்மதமில்லை என்று சொல்ல அது போதும்.