பெல்ட் எண் இருந்த இடத்தில் ஆறு முகங்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் இலவசமாகப் பழுதுபார்க்கும் முகாம் நடத்தியது. யோசனை என்னுடையது. வேலை செய்தது நானும் என்னோடு டிப்ளமோ படித்த இரண்டு தோழிகளும்.

2. விளம்பர போர்டுக்கு நான் எழுதிக்கொடுத்தேன். நேரம், இடம், எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம். கடைசி வரி: கிரைண்டர் கொண்டுவருபவர்கள் பெல்ட்டில் உள்ள அளவு எண்ணைச் சனிக்கிழமைக்குள் போனில் அனுப்பவும், புது பெல்ட் வாங்கி வைக்கிறோம். பெல்ட் தருவதாகச் சொன்னவர் பிராட்வேயில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எங்கள் பொருளாளர்.

3. சங்கச் செயலாளர் நேரத்தையும் இடத்தையும் மட்டும் விட்டுவைத்து, மற்ற வரிகளை எடுத்துவிட்டு நிர்வாகிகள் ஆறு பேரின் படங்களைப் போட்டார்.

4. பள்ளுருத்தியிலிருந்து ஒரு அக்கா ஆட்டோவில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். பெல்ட் அறுந்திருந்தது. அந்த அளவு எங்களிடம் இல்லை. மறுநாள் விடியும்போது இரண்டு சாயாக்கடைகளுக்கு அவர் இட்லி மாவு கொடுத்தாக வேண்டும்.

ஏன் எடுத்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன்.

"இத்தன எழுத்து ஆரு மோளே வாசிக்கும்? மொகம் கண்டாத்தான் ஆளு நிக்கும்."

ஆள் நின்றது. வாசல் வரை நின்றது. பாதிப் பேர் கையில் நாங்கள் தொடவே முடியாத டிவி.

பொருளாளரைப் போனில் பிடித்தேன். பாலக்காட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். கடைச் சாவியும் அவரோடு. "நம்பர் ஒண்ணும் வரலியே, ஆரும் கிரைண்டர் கொண்டு வரலன்னு நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஞாயிறு என்பதால் தெரிந்த மற்ற கடைகளும் பூட்டியிருந்தன.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"இலவச ரிப்பேர்னு தானேம்மா போட்டிருந்துச்சு? பெல்ட்டு நம்பர் வேணும்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா அனுப்பியிருப்பேனே."

செயலாளர் சமாதானம் சொல்ல வந்தார். "ஒரு நாள் தானே, அட்ஜஸ்ட் செய்யணும்."

"ஏன் சேட்டா, போர்டுல ஆறு மூஞ்சி தொங்குதே. ஒண்ணக் கழட்டி இதுல மாட்டட்டுமா? சுத்துதான்னு பாப்போம்" என்றார் அக்கா.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் வெளியே போய் நின்றேன்.

என் பங்கையும் எழுதவேண்டும். அச்சுக்குப் போகும் முன் போர்டின் படம் எனக்கு வந்தது. ஏலூரில் ஆலை வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி போனில் பார்த்தேன். என் படம் அதில் இருக்கிறதா என்று ஒரு கணம் தேடினேன். என் வரிகளைத் தேடவில்லை. ஓகே என்று அனுப்பினேன். ஆலையில் ஒரு மீட்டரை இப்படிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

திங்கள் மதியம் நானே பள்ளுருத்திக்குப் போய் பெல்ட்டை மாட்டிக்கொடுத்தேன். கிரைண்டர் ஓடுகிறது. சாயாக்கடை இரண்டில் ஒன்று அன்று வேறொருவரிடம் மாவு வாங்கியது, இன்றும் அவரிடமே வாங்குகிறது. போர்டை இன்னும் யாரும் கழற்றவில்லை.