சின்ன அறையில் ஏசி ஓடிய புதன்கிழமைகள்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் படுக்கையறைகள் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தன. சித்திரையில் சுவரில் கை வைக்க முடியாது. சென்னையில் வேலை பார்க்கும் என் கணவர் சனி, ஞாயிறு மட்டும்தான் வருவார். ஒரு கோடையில் அவரே முன்னின்று மாடித் தளத்துக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க வைத்தார். ஜன்னல்களுக்கு ஃபிலிம் ஒட்டினார். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. எந்த அறையில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை அது அவருடைய போனில் காட்டும்.

"எல்லாம் உனக்காகத்தான்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

என் தங்கை வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். இனி தனக்கு ஒரே பெண்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாமல் புதன்கிழமைகளில் தங்கை கைக்குழந்தையோடு பஸ் ஏறி வருவாள். சாப்பாட்டு வேளையில் நான் அலுவலகத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவேன். குழந்தையைச் சின்ன அறையில் ஏசி போட்டுத் தூங்கவைத்துவிட்டு இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புதன்கிழமையானா சின்ன ரூம்ல ஏசி ஓடுதே, யார் வர்றாங்க?"

மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சொன்ன பிறகு மனசு லேசானது.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வரட்டும், பச்சக் குழந்தைய வச்சிக்கினு பாவம்," என்றார்.

அதற்கடுத்த புதன்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தது. வாசலில் அப்பா நின்றார். அவர் வந்த ஆட்டோவின் இன்ஜின்கூட அணையவில்லை. என்னைத் தாண்டி நேராகச் சின்ன அறைக்குப் போனார். பேரனை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். குழந்தையின் பக்கம் குனிந்தார். குழந்தையைத் தொட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"அவள இப்பவே கிளம்பச் சொல்லு," என்றார்.

"வெயில் தாழட்டும்பா."

"இன்னும் எத்தினி நாளைக்கு ரெண்டு பேரும் என்ன ஏமாத்துவீங்க?"

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"மாப்ளதான் போன் பண்ணாரு. ஏசி ஓட ஆரம்பிச்சிருச்சு, இப்ப போனா இருப்பாங்கன்னாரு."

தங்கை குழந்தையைத் துண்டோடு தூக்கிக்கொண்டாள். கேட்டருகே போனபோது திரும்பி, "மாமாவுக்கு யாருக்கா சொன்னது? நீதானே?" என்றாள்.

சனிக்கிழமை அவர் வந்ததும் கேட்டேன்.

"பெரியவருக்குப் பின்னாடி தெரிஞ்சா எம்மேல இருக்கிற மரியாதை என்னாவும்?" என்றார்.

"குழந்தை பாவம்னு சொன்னீங்களே."

"இப்பவும் பாவம்தான்."

சொல்லிவிட்டுக் காபி கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை அவர் கிளம்பிய பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். "நல்லாத்தானே ஓடுது மேடம்?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். அரை மணி நேரத்தில் கணவரிடமிருந்து போன்.

"வீடு போன்ல தெரியலையே, கரண்ட் இல்லையா?"

"இருக்கு. நான்தான் கழட்டச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கல்யாணமான இத்தனை வருடங்களில் அவர் பேசி முடிக்கும் முன் நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. தங்கை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு "வா" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

இப்போதும் நான்தான் போகிறேன். அவள் வருவதில்லை. குழந்தையை என் மடியில் விடுகிறாள், சாப்பாடு போடுகிறாள், மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுகிறாள். அவள் மறுபடி உண்டாகியிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.